ஏற்காட்டில் வெளுத்த பெயிண்ட், சேலத்தில் சொரசொரத்த பெயிண்ட்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 1957 செவ்ரோலே பெல் ஏர் காரின் 1/25 அளவு பிளாஸ்டிக் மாடல், பாகங்களை ஒட்டிக் கட்டும் கிட், உங்களுக்கு இதுதான் முதல் கிட். வீடு அஸ்தம்பட்டியில். ரோட்டுத் தூசி படியும் என்று பாடியை மட்டும் ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்கு எடுத்துப்போய், சாயங்காலம் வராந்தாவில் ஸ்ப்ரே கேனால் டர்க்காய்ஸ் கலர் அடித்திருக்கிறீர்கள். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கீழே வந்து மொட்டை மாடியில் மதியம் அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால், இந்த முறை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கேன் போலியா, ஏர்பிரஷ் வாங்கினால் சரியாகுமா, இல்லை இது எனக்கு வராத வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கு இப்போதே பதில் சொல்லலாம்: இரண்டு இடத்திலும் வேலையைக் கெடுத்தது காற்று. ஒரே கை, ஒரே கேன், இரண்டு நேர்மாறான கோளாறு என்றால் வேறு எதைச் சந்தேகப்படுவது?

நான் சேலத்தில் கார் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் பெயிண்டராக ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன். அம்பாசிடரும் ஃபியட்டும் வரிசையில் நின்ற காலத்திலிருந்து ஸ்ப்ரே கன் பிடித்திருக்கிறேன். வீட்டில் பிளாஸ்டிக் கிட் கட்டுவதும் நெடுநாள் பழக்கம். அதனால் பெயிண்ட் பற்றிச் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் எது என் சொந்தப் பழக்கம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் நடந்ததை ஆங்கிலத்தில் ப்ளஷிங் என்பார்கள். பட்டறையில் நாங்கள் ‘பூத்துப் போச்சு’ என்போம். லாக்கர் வகைப் பெயிண்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும் எதுவும் தான் இருந்த இடத்தைக் குளிரவைத்துவிட்டுத்தான் போகும். கேனிலிருந்து வெளிவரும் வாயுவும் விரிந்து குளிர்கிறது. ஆக, அடித்த நிமிஷத்தில் பாடியின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துபோகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சாயங்காலம் மேகம் இறங்கினால் காற்றில் இனி ஈரத்துக்கு இடமே இருக்காது. அந்தக் காற்று குளிர்ந்த பெயிண்ட் மேல் பட்டால் நீராகப் படிகிறது, ஈரப் பெயிண்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வெள்ளையாகத் தெரிவது அதுதான். மழைக்காலத்தில் பட்டறையில் என்.சி. பெயிண்ட் (நைட்ரோசெல்லுலோஸ், இதுவும் லாக்கர் வகைதான்) அடிக்கும்போது ரிடார்டர் என்னும் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கொஞ்சம் கலந்துகொள்வோம். நீர் வெளியேற அவகாசம் கிடைக்கும், பளபளப்பு நிற்கும். கேனுக்குள் நீங்கள் எதையும் கலக்க முடியாது. அதனால் நாளையும் நேரத்தையும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொட்டை மாடியில் நடந்தது இதற்கு நேர்மாறு. சேலத்து மதிய வெயிலில், சூடேறிய தளத்துக்கு மேல், காற்றும் வீசும்போது, கேனிலிருந்து கிளம்பிய துளி பாடியைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்துவிடுகிறது. ஈரமாக விழுந்தால் துளிகள் ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்து கண்ணாடிபோல் நிற்கும். தூளாக விழுந்தால் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஏற்காட்டில் அடித்த கையையும் தூரத்தையும் அப்படியே கீழேயும் வைத்திருந்தால் சொரசொரப்பு வந்தே தீரும். இரண்டு கோளாறும் காற்றால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேனும் மட்டமாக இருந்திருக்குமா என்பதைக் கேனைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சரி, எப்போது அடிப்பது? மார்ச் முதல் மே வரை சேலத்தில் காலை எட்டிலிருந்து பத்துக்குள், வீட்டுக்குள், வெயில் படாத அறையில். ஃபேனை நிறுத்திவிடுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது, பட்டறையிலும் அப்படித்தான் செய்வோம். ஆனால் அக்டோபர், நவம்பர் மழை நாட்களில் தண்ணீர் தெளிக்காதீர்கள். அப்போது ஈரம் ஏற்கெனவே அதிகம். அந்த மாதங்களில் மழை விட்ட நாளில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான் நல்ல நேரம். ஏற்காட்டையும் ஒதுக்க வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் பளிச்சென்று வெயில் காயும் பகலில் அங்கே அடிப்பது, தூசியும் சூடும் இல்லாததால், சேலத்தைவிட எனக்குப் பிடிக்கும். மேகம் இறங்கும் முன் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மேலே குளிராக இருந்தால் கேனைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிஷம் வைத்து எடுத்தால் துளி சன்னமாக வரும். 50 டிகிரிக்கு மேல் சூடு கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேனை விட்டுவிட்டுப் போவது ஆபத்து. சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடிப்பேன், 75-ஐத் தாண்டினால் கேனைத் தொட மாட்டேன். இது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு, விதியல்ல.

அறைக்குள் அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) போட்ட மாஸ்க் கட்டாயம், துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. கேனிலிருந்து வரும் வாயுவும் தின்னரும் தீப்பிடிப்பவை. பக்கத்து அறையில் பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரிந்துகொண்டிருந்தால் அணைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

இப்போது கையில் இருக்கும் பாடியை என்ன செய்வது? அதைத் தேய்த்துக் காப்பாற்றலாமா, முழுக்க உரிக்க வேண்டுமா என்பதைக் கதவுக் கோடே சொல்லிவிடும். ஊசி முனையைக் கதவு இடைவெளியில் வைத்து இழுத்துப் பாருங்கள். முனை நன்றாக இறங்கி ஓடினால், பானெட் மேல் இருக்கும் ‘செவ்ரோலே’ எழுத்துகள் இன்னும் கூராகத் தெரிந்தால், உரிக்க வேண்டாம். ஒரு வாரம் காயவிட்டு, 1500 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேல் சொரசொரப்பு போகும்வரை மெல்லத் தேய்த்து, துடைத்து, நல்ல நாளில் ஒரு ஈரக் கோட் கொடுங்கள். அடியில் பூத்திருந்த வெள்ளையும் பல நேரம் அந்தப் புதுக் கோட்டின் தின்னரில் கரைந்து தெளிந்துவிடும். பல நேரம் என்றுதான் சொல்கிறேன், எப்போதும் இல்லை.

எழுத்துகள் மூழ்கியிருந்தால் உரித்துவிடுவதே மேல். நிஜக் காரின் நீளம் 200 அங்குலம், உங்கள் மேஜையில் இருப்பது 8 அங்குலம். நிஜக் காரின் தொழிற்சாலைப் பூச்சு, அடிப்பூச்சான பிரைமர், கலர், மேலே நிறமில்லாத கிளியர் எல்லாம் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதை 25-ஆல் வகுத்தால் 4 முதல் 6 மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக யாராலும் கேனில் அடிக்க முடியாது. அதனால்தான் கார் மாடலில் ஒவ்வொரு தேவையில்லாத கோட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. பீரங்கி வண்டி மாடலில் சேறு பூசி மறைத்துவிடலாம். காரில் பாடியின் பளபளப்புதான் முதலில் கண்ணில் படும், அதை மறைக்க இடமே கிடையாது.

உரிக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அதற்கு மசியாத பெயிண்டுக்கு பிரேக் ஆயில். கார் பானெட்டில் பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்ட் எழும்பிவிடும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும், ஆனால் உங்கள் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைப்பதில்லை. ரொம்ப நேரம் ஊறினால் பிளாஸ்டிக் நொறுங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஓர் இரவுக்கு மேல் விட்டதில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பயன்படுத்தியதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கண்ணாடிப் பாகத்தையும் குரோம் பாகத்தையும் அதில் போடவே கூடாது. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் இந்த மூன்றும் பாடி பக்கமே வரக்கூடாது. பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

அதே காரணத்தால்தான் கேன் விஷயத்திலும் கவனம் வேண்டும். டாமியா என்ற மாடல் கம்பெனியின் டி.எஸ். வரிசை மாதிரி பிளாஸ்டிக் மாடலுக்கென்றே செய்த கேன் ஒரு வகை. கார் ஆக்சஸரீஸ் கடையில் டச்சப்புக்கு விற்கும் கேன் இன்னொரு வகை, அது இரும்புத் தகட்டுக்காகச் செய்தது. அதில் உள்ள தின்னர் வீரியமானது, வெறும் பிளாஸ்டிக் மேல் பட்டால் பொடிப் பொடியாக வெடிப்பு விடும். மாடல் பிரைமர் நன்றாகப் போட்டு அதன் மேல் மெல்லிய கோட்டுகளாக அடித்து நல்ல வேலை வாங்குபவர்கள் உண்டு. ஆனால் முதல் காருக்கு அந்தச் சோதனை வேண்டாம். எந்தக் கேனாக இருந்தாலும் முதலில் கிட்டில் மிஞ்சும் பாகத்தில் அடித்துப் பாருங்கள். அமெரிக்க கார் கிட்டில் ரேஸ் கார் மாதிரி கட்டுவதற்கென்று கூடுதல் பாகங்கள் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று நிச்சயமாகச் சொல்ல முடியும்: லாக்கர் மேல் எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட்) அடிக்கலாம், எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி எழும்பிவிடும்.

மறுபடி ஆரம்பிக்கும்போது பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போக வேண்டும். மட்கார்டு மேலும் கூரைத் தூண்களிலும் அச்சு சேர்ந்த கோடு மெலிதாக ஓடும், அதைப் பிளேடின் முதுகால் சுரண்டுங்கள். நிஜ பெல் ஏரில் அப்படிக் கோடே கிடையாது. மாறாக, கதவு, டிக்கிக் கோடுகளைப் பெயிண்டுக்கு முன்பே ஊசியால் கொஞ்சம் ஆழப்படுத்தி வைத்தால் பின்னால் மூழ்காது. பிறகு பிரைமர், பிறகு கலர். கேனை 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, பாடியைக் கடந்த பிறகே விரலை எடுங்கள். முதல் இரண்டு கோட் தூவினாற்போல் இருக்கட்டும். பிளாஸ்டிக் நிறம் தெரிந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது கோட்தான் ஈரமாகப் பளபளக்க வேண்டும். எல்லோரும் இங்கேதான் அவசரப்பட்டு முதல் கோட்டிலேயே மூடப் பார்ப்பார்கள், பெயிண்ட் வழிந்து ரன் விழும். அடித்ததும் ஒரு பெட்டியால் மூடி அலமாரியில் வையுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைக்க வேண்டாம். மேல் தோல் மட்டும் இறுகி உள்ளே தின்னர் மாட்டிக்கொள்ளும், பாடியும் வளையலாம். மூக்கருகே வைத்தால் பெயிண்ட் வாசனை அடிக்கிறதா? இன்னும் காயவில்லை. வாசனை முழுக்கப் போன பிறகுதான் பாலிஷ்.

பெல் ஏரின் அழகு இரண்டு நிறத்தில் இருக்கிறது. உங்கள் டர்க்காய்ஸ் அந்த வருஷத்து உண்மையான நிறங்களில் ஒன்று, செவ்ரோலே அதை ட்ராப்பிகல் டர்க்காய்ஸ் என்றது. கூரைக்கு ஐவரி அடித்தால் பொருந்தும். வெளிர் நிறத்தை முதலில் அடித்து, காய்ந்த பின் கூரையை மாஸ்கிங் டேப் போட்டு மூடி, அப்புறம் டர்க்காய்ஸ். டேப் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டு, ஓரத்தில் ஐவரியையே ஒரு முறை மெலிதாக ஊதுங்கள். கசிவதாக இருந்தால் ஐவரி கசிந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும், டர்க்காய்ஸுக்கு வழி இருக்காது.

பின்பக்கவாட்டில் முக்கோணமாக நீளும் பட்டை இருக்கிறதே, அதற்கு நிறம் அடித்துவிடாதீர்கள். பெல் ஏரில் அது வரிவரியான அலுமினியத் தகடு. அதே வருஷத்தின் மலிவான டூ-டென் மாடலில்தான் அந்த இடத்தில் பெயிண்ட் வரும். கிரில்லும், முன் மட்கார்டில் இருக்கும் மூன்று சின்ன அலங்காரக் குறிகளும் தங்க நிறம். பானெட்டில் எழுத்துக்குக் கீழே ‘வி’ வடிவம் இருந்தால் வி-8 இன்ஜின் என்று அர்த்தம். அது இல்லாத கார் ஆறு சிலிண்டர்.

குரோம் பட்டைகளுக்கு ‘பேர் மெட்டல் ஃபாயில்’ என்ற, பின்னால் பசையுள்ள மிக மெல்லிய அலுமினியத் தாள் கிடைக்கிறது. ஒட்டி, பல்குத்தும் குச்சியால் அழுத்தி, புது பிளேடால் ஓரம் வெட்டினால் நிஜ உலோகம் போலவே இருக்கும், ஏனென்றால் அது நிஜ உலோகம்தான். சமையலறை ஃபாயில் தடிமன் அதிகம், எழுத்தின் மேல் படியாது. எழுத்துகளுக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. பிரைமருக்குப் பிறகு, கலருக்கு முன், பானெட் எழுத்தின் மேல் அந்தத் தாளை ஒட்டி அழுத்திவிடுங்கள். வழக்கம்போல் கலர் அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமாக்கி எழுத்தின் முகட்டை மட்டும் இரண்டு தடவை தடவினால் பெயிண்ட் விலகி வெள்ளி எழுத்து வெளியே வரும். பிரஷ்ஷால் யார் எழுதினாலும் அந்தக் கூர்மை வராது. இந்த நுணுக்க வேலைக்கு வேண்டிய ஊசி அரம், சாமணம், கையால் சுழற்றும் துளைக்கருவி எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். நல்ல அரம் அங்கேதான் கிடைக்கும்.

ஒட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போகப்போகிறீர்கள். பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது, வெல்டிங் மாதிரிதான். நடுவில் பெயிண்டோ குரோமோ இருந்தால் பிடிக்காது, சேரும் இடத்தில் சுரண்டிவிட வேண்டும். ஃபெவிக்விக் வகைப் பசையைக் கண்ணாடி பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி மங்கிவிடும். விண்ட்ஷீல்டுக்குச் சாதாரண ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

ஏர்பிரஷ் வாங்கலாமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. அதில் அழுத்தத்தையும் தின்னரையும் நீங்களே முடிவு செய்யலாம், ரிடார்டரும் கலக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் ஏற்காட்டு மேகத்தில் ஏர்பிரஷ்ஷும் பூக்கும், மொட்டை மாடியில் இன்னும் சொரசொரக்கும், ஏனென்றால் அதன் துளி கேனைவிடச் சின்னது. இந்தக் காரைக் கேனிலேயே முடித்துவிட்டு யோசியுங்கள் என்பது என் அபிப்பிராயம். பளபளப்புக்குக் கார் பட்டறையில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் வீட்டில் செய்யாதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலில் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, ஒரு முறை ஒவ்வாமை வந்தால் பிறகு துளி பட்டாலும் தாங்காது. எங்கள் தொழிலில் அதை வெளிக்காற்றுக் குழாய் மாஸ்க்கோடு அடிக்க வேண்டும்.

டயர் ரிம்மில் மாட்டும் முன் ரிம்மைச் சுற்றிப் பிளம்பர் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். பல கிட்களில் வரும் மெத்தென்ற வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய் நாளடைவில் பிளாஸ்டிக் ரிம்மைக் கரைத்துவிடும். சேலத்துச் சூட்டில் அது இன்னும் சீக்கிரம் நடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கிட் பெட்டிக்குள்ளும் டயரையும் கண்ணாடியையும் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள்.

உரிக்க ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கேனின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்துப் போடுங்கள், ஊசி கதவுக் கோட்டில் இறங்குகிறதா என்றும் எழுதுங்கள். லாக்கரா எனாமலா என்று தெரிந்தால், ஆல்கஹாலில் வருமா, பிரேக் ஆயில் வேண்டுமா, இல்லை தேய்த்து ஒரு கோட் போட்டாலே போதுமா என்று சொல்லிவிடுகிறேன்.